ஆடும் டிரைவர் சீட்

பழைய காரில் டிரைவர் சீட் ஆட ஆரம்பித்தால், அதை ஓட்டுபவருக்கு அது பழுதாகவே தெரிவதில்லை. பிரேக் அடித்தால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் முதுகு ஒரு நூல் அளவு பின்வாங்கும். வளைவில் திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சரியும். உடம்பு இதற்கெல்லாம் சொல்லாமல் பழகிக்கொள்ளும். மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு நாள் வண்டியை வாங்கி ஓட்டிவிட்டு, "என்னங்க, சீட்டு இந்த ஆட்டம் ஆடுது?" என்று கேட்கும்போதுதான் உறைக்கும்.

உறைத்த பிறகும் முதலில் நடப்பது வைத்தியம் அல்ல, வாயடைப்பு. சீட் முன்பின் நகரும் ரெயிலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகுவார்கள். சைக்கிள் டியூபை வெட்டி வைப்பார்கள். பழைய துண்டைச் சுருட்டி சீட்டுக்கும் கைபிரேக்குக்கும் நடுவே திணிப்பார்கள். சத்தம் நிற்கும், ஆட்டம் அப்படியே இருக்கும். சத்தம் இல்லாத ஆட்டம் இன்னும் மோசம், ஏனென்றால் அது வளர்வது காதில் விழாது.

ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் மிச்சமெல்லாம் அதன் விரிவுதான். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரான மாருதி 800-ஐ மனதில் வைத்து எழுதுகிறேன். இன்னும் நிறைய வீடுகளின் முன்னால் அது நிற்கிறது. சென், பழைய சான்ட்ரோ, இண்டிகா எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அம்பாசடருக்கும் ஆம்னிக்கும் மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஏன் டிரைவர் சீட் மட்டும்?

பக்கத்து சீட் இருபது வருடமாகியும் அசையாமல் இருக்க, இது மட்டும் ஏன் ஆடுகிறது? ஏறி இறங்குவது ஒரு காரணம். நம் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கக் கதவு வழியாக இறங்குகிறார். இறங்கும்போது முழு எடையும் சீட்டின் வலது ஓரத்தில் அழுந்தி, அந்தப் பக்க ரெயில் மட்டும் அதிகம் தேய்கிறது. வலது ஓரத்து மெத்தை உட்கார்ந்து போவதும் இதனால்தான்.

இன்னொரு காரணம் கிளட்ச். கால் பெடலை முன்னால் தள்ளும்போது, அதே விசை முதுகு வழியாக சீட்டைப் பின்னால் தள்ளுகிறது. இடுப்பு உயரத்தில் பின்னால் தள்ளினால் சீட்டின் முன்கால்கள் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடித்திருப்பவை முன்பக்க போல்ட்கள். நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் இந்த இழுவை நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. தள்ளுவது இடது கால் என்பதால் சீட் நேராகத் தள்ளப்படாமல் கொஞ்சம் முறுக்கியபடி தள்ளப்படுகிறது. பெடல் கனமான வண்டிகளில், முக்கியமாகக் கிளட்ச் கேபிள் பழசாகி இறுகிப்போன வண்டிகளில், சீட் சீக்கிரம் ஆட்டம் காணும். சீட்டைச் சரிசெய்த கையோடு அந்தக் கேபிளையும் பாருங்கள். பாதிப் பேர் பார்ப்பதில்லை.

ஆபத்து எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 207 என்ற விதிப்படி, கார் சீட்டும் அதன் பிடிமானமும் சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையை முன்னோக்கியும் பின்னோக்கியும் தாங்க வேண்டும். 15 கிலோ சீட் என்றால் 300 கிலோ. சீட் பெல்ட்டின் பூட்டு சீட்டிலேயே பொருத்தப்பட்ட வண்டிகளில், மோதலின்போது உட்கார்ந்திருப்பவரின் பாரமும் இதே போல்ட்களில்தான் வந்து விழும். நாலு போல்ட்டில் ஒன்று தளர்ந்து, இன்னொன்றின் மரை போயிருந்தால் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மோதல் வரைகூடப் போக வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தி, அரை கிளட்ச்சில் வண்டியை எடுக்கிறீர்கள். அந்த நேரம் ரெயிலின் பூட்டு விட்டு சீட் சர்ரென்று பின்னால் போனால் கால் பிரேக்கை எட்டாது. விழாமல் இருக்கக் கை தானாக ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும். வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பது எந்தக் கையில் பிடி அதிகம் என்பதைப் பொறுத்தது. முன்பின் ஆட்டம் இருக்கிற வண்டியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். பக்கவாட்டு ஆட்டம் என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம். முன்பின் ஆட்டத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

விரல் நுனியால் கண்டுபிடிப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் உடம்பால் சீட்டை முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மற்றவர் வெளியே மண்டியிட்டு, டார்ச் அடித்துச் சீட்டின் அடியைப் பார்க்க வேண்டும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சுட்டுவிரலை இரண்டு பாகம் சேரும் இடத்தில் குறுக்காக வையுங்கள்: நுனியில் பாதி தரைத் தகட்டில், பாதி ரெயிலின் காலில். அங்கே அசைவு இருந்தால் ஒரு மயிரிழை என்றாலும் விரல் சொல்லிவிடும். இப்படித் தரையில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போங்கள். தரைக்கும் கீழ் ரெயிலுக்கும் நடுவே, கீழ் ரெயிலுக்கும் மேல் ரெயிலுக்கும் நடுவே, மேல் ரெயிலுக்கும் சீட் சட்டத்துக்கும் நடுவே, கடைசியாகச் சட்டத்துக்கும் முதுகுக்கும் நடுவே. எந்த இடத்தில் விரல் உணர்கிறதோ அங்கேதான் வேலை. இரண்டு இடத்தில் உணர்ந்தால் கீழே இருப்பதை முதலில் சரிசெய்து, மறுபடி சோதியுங்கள். தரை போல்ட் இறுகியதும் மேலே இருந்ததாக நினைத்த ஆட்டம் காணாமல் போவது உண்டு.

எங்கேயும் விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை, ஆனால் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிறது என்றால் அது இரும்பின் குற்றம் இல்லை. மெத்தைக்கு அடியில் உள்ள வளைகம்பி ஒன்று உடைந்திருக்கும், அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். சில பழைய சீட்களில் ரப்பர் பாலிட்ட தேங்காய் நார்தான் மெத்தை. அது பொடிந்து கொட்டியிருக்கும். குஷன் கடைக்கு அனுப்பிவிடுங்கள். அந்த வேலை இந்த அத்தியாயத்தில் இல்லை.

இன்னொரு சோதனை. லீவரைத் தூக்கி சீட்டை ஒரு பல் நகர்த்தி விடுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டு ரெயிலிலும் பூட்டு இருக்கிற சீட்டில் இடம், வலம் இரண்டும் ஒன்றாக 'களுக்' என்று விழ வேண்டும். ஒன்று முன்னதாகவும் மற்றது நீங்கள் உடம்பைக் குலுக்கிய பிறகும் விழுந்தால், இரண்டு பூட்டையும் இணைக்கும் கம்பி நீண்டுவிட்டது அல்லது வளைந்துவிட்டது. அப்படிப்பட்ட சீட் நேராக ஆடாமல் குறுக்காகத் திருகும். ஒரு பூட்டில்தான் அது நிற்கிறது என்று அர்த்தம்.

தரை போல்ட்

பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் அகப்படும். சீட்டை முழுக்க முன்னால் தள்ளினால் பின் போல்ட்கள் தெரியும். முழுக்கப் பின்னால் தள்ளினால் முன் போல்ட்கள் தெரியும். பிளாஸ்டிக் மூடி இருந்தால் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள், தொலைக்காமல் வையுங்கள். மாருதி போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் 12, 14 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் இரண்டும், ஒரு ராட்செட்டும், ஒரு நீட்டுத் தண்டும் இருந்தால் போதும். ஓபன் ஸ்பேனர் வேண்டாம். இடுக்கில் அது நழுவி போல்ட் தலையின் முனையை மழுக்கிவிடும்.

பழைய அம்பாசடர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. பாடியில் உள்ள போல்ட்கள் அங்குலக் கணக்கு. அரை அங்குலத் தலை என்பது 12.7 மில்லிமீட்டர். 13 நம்பர் ஸ்பேனர் அதில் பொருந்தியது போலவே இருக்கும். துருப்பிடித்த போல்ட்டில் பலம் போட்டீர்களானால் தலை உருண்டையாகிவிடும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான். அங்குல ஸ்பேனர் செட் ஒன்றை இரவல் வாங்கியாவது வாருங்கள். ஃபியட் வழி வந்த பத்மினிக்கு இந்தத் தொல்லை இல்லை, அது மெட்ரிக்.

போல்ட் தளர்ந்திருப்பது தெரிந்தவுடன் அப்படியே இறுக்கிவிடக் கை பரபரக்கும். பொறுங்கள். ஏன் தளர்ந்தது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் எனக்குத் தெரிந்து முதல் காரணம் ஃப்ளோரிங் மேட். பழைய வண்டி வாங்கியவர் ஆசையாக அக்சஸரீஸ் கடைக்குப் போய்த் தரை முழுக்க ரெக்சின் மேட் போடச் சொல்வார். கடைப் பையன் சீட்டைக் கழற்றி, பஞ்சு வைத்த மேட்டை விரித்து, அதன் மேலேயே சீட்டை வைத்துப் பூட்டிவிடுவான். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். சில மாதத்தில் ரெயில் காலுக்கு அடியில் உள்ள பஞ்சு அமுங்கிப் பாதியாகும். அமுங்கிய அளவுக்கு போல்ட் தளரும். எத்தனை முறை இறுக்கினாலும் திரும்பத் தளரும், ஏனென்றால் இரும்பு இரும்பைத் தொடவில்லை. மேட்டை ரெயில் காலின் அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்துவிடுங்கள். கால் நேராகத் தகட்டில் உட்கார வேண்டும்.

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றுங்கள். நாலையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். மரையின் நுனிகள் கூராக இருக்க வேண்டும். வழுவழுவென்று தட்டையாகி இருந்தாலோ, நடுவில் இடுப்பு சிறுத்தது போல இருந்தாலோ அந்த போல்ட் நீண்டுவிட்டது. தூக்கிப் போடுங்கள்.

புது போல்ட் வாங்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது தலையில் உள்ள எண். 8.8 என்று இருந்தால் நல்லது. சுசூகி வழி வண்டிகளில் பலம் கூடிய போல்ட்டின் தலையில் 7 என்று அச்சிட்டிருக்கும். தலையில் ஒன்றுமே இல்லாத போல்ட் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போதும், சீட்டுக்குப் போதாது. இரண்டாவது மரையின் நெருக்கம். 8 மி.மீ. போல்ட் என்றால் எங்கே வாங்கினாலும் பெரும்பாலும் 1.25 மரைதான் வரும். 10 மி.மீ.-இல் சிக்கல். ஜப்பான் வழி கார்களில் 10 மி.மீ. போல்ட்டுக்கும் 1.25 மரை, இரும்புக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். "துரு இருக்கு" என்று நினைத்து ராட்செட்டால் திருகினால், தரையில் பற்றவைத்த நட்டின் மரை முழுக்க அறுந்துவிடும். ஐந்து ரூபாய் போல்ட் ஐயாயிரம் ரூபாய் டிங்கர் வேலையை இழுத்துவிடுவது இப்படித்தான். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போய், புதியதை அதன் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்திப் பாருங்கள். இடையே வெளிச்சம் தெரியக் கூடாது. சீட் பெல்ட்டின் போல்ட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உலகெங்கும் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அதற்கு மாற்றாக இரும்புக் கடை போல்ட் எதுவும் போடாதீர்கள்.

பூட்டும்போது நாலு போல்ட்டையும் முதலில் விரலால் திருகி விடுங்கள். மரையில் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விடலாம். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். விரலால் திருகிய நிலையிலேயே சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாலைந்து தடவை தள்ளுங்கள். இரண்டு ரெயிலும் தாமாக இணையாக வந்து உட்காரும். ஒரு பக்கத்தை முதலிலேயே முழுக்க இறுக்கிவிட்டால் மற்றது கோணலாக நிற்கும். சீட் பாதி வழியில் சிக்கும், லீவர் கல்லாகும். தள்ளிப் பார்த்த பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கம்? வண்டியின் சர்வீஸ் புத்தகம் இருந்தால் அதில் உள்ளதே வேதம். இல்லையென்றால் 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ.-க்கு 40 முதல் 50. டார்க் ஸ்பேனர் இல்லாதவர்களுக்கு: 20 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 12 கிலோவைத் தூக்குகிற அளவு பலம் போட்டால் சுமார் 24 நியூட்டன் மீட்டர் வரும். கால்வாசி சாக்கு அரிசியை ஒரு கையால் தூக்கும் பலம் அது. குழாய் செருகி ஏறி நிற்க வேண்டிய வேலை இல்லை.

போல்ட் சும்மா சுற்றினால்

போல்ட்டைத் திருப்பினால் இறுகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் தரைக்கு அடியில் பற்றவைத்த நட் விட்டுப்போயிருக்கிறது. கார்பெட்டை விலக்கிப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் பலமாகக் குத்துங்கள். நல்ல தகடு 'டங்' என்னும். துருவேறியது மந்தமாகச் சத்தம் கொடுத்து, முனை உள்ளே இறங்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் சீட் மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்றன. அவற்றில் நிறைய வண்டிகள் மெத்தை மாற்றி, ஷாம்பூ போட்டு, வாசனை அடித்து வேறு ஊர்களுக்கு விற்கப்பட்டன. மெத்தையை மாற்றியவர்கள் ரெயிலை மாற்றவில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன் டிரைவர் சீட்டின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரெயிலின் உட்புறத்திலும் போல்ட்டின் கழுத்திலும் செந்துரு பூத்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

தரைத் தகடு உறுதியாக இருந்து நட் மட்டும் போயிருந்தால், அடியில் கனமான தகடு வைத்து அதன் மேல் நட் போடலாம். அளவுக்குப் பந்தயக் கார்களின் விதி நல்ல வழிகாட்டி. எஃப்ஐஏ அமைப்பு, சீட்டுக்குக் குறைந்தது 4 பிடிமானம், 8 மி.மீ. போல்ட், ஒவ்வொரு பிடிமானத்துக்கும் 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. கனமும் உள்ள எஃகுத் தகடு என்று கேட்கிறது. ஏறக்குறைய உள்ளங்கை அளவுக்குக் கொஞ்சம் குறைவான சதுரம். வெறும் வாஷர் போதாது. ஒரு இடியில் அது தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். தகட்டின் மூலைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள், கூர்முனையிலிருந்துதான் விரிசல் ஓடும்.

தகடே பொடிந்திருந்தால் பாடி பட்டறைதான். டிங்கரிடம் "ஓட்டையை அடைச்சிருங்க" என்று சொல்லாதீர்கள். துரு தின்ற பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துச் சுற்றிலும் பற்றவைக்கச் சொல்லுங்கள். பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறதா, கார்பெட்டும் அதன் அடியில் ஒட்டிய தார்ப் பலகையும் எடுக்கப்பட்டிருக்கின்றனவா, அடியில் ஓடும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் வெல்டிங் படாத தூரத்தில் இருக்கின்றனவா என்று நின்று பாருங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் மேலும் கீழும் துருத்தடுப்பு பிரைமர் அடிக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள்.

ரெயில்

தரை போல்ட் கெட்டி, ஆனால் கீழ் ரெயிலின் மேல் மேல் ரெயில் குலுங்குகிறது. முதலில் சுத்தம் செய்யுங்கள். பழைய ரெயிலுக்குள் கிடைப்பவற்றைப் பட்டியல் போட்டால் ஒரு குடும்பத்தின் வரலாறே வரும்: செல்லாத 25 காசு, சுங்கச்சாவடி ரசீது, ஹேர்பின், வேர்க்கடலைத் தோல், விபூதிப் பொட்டலம், மெரினா மணல். பூட்டின் பல்லுக்கு நடுவே ஒரு நாணயம் சிக்கினால் லீவர் பாதிதான் விழும். பல் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு சீட் நிற்கும். இது பழுதே இல்லை, ஆனால் எல்லாப் பழுதையும் விட ஆபத்து.

வேக்குவத்தால் உறிஞ்சி, மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் பிரஷால் தேய்த்துத் துடைத்து, காயவிடுங்கள். காய்ந்த பின் லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள், மணலைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். பூட்டின் பல்லில் கிரீஸ் வேண்டாம். லீவரைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதே நீளம், அதே கனத்தில் புதியது போடுங்கள். பல பேர் 'ரெயில் போச்சு' என்று முடிவு கட்டுகிற சீட்களில் போயிருப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங்தான்.

சுத்தம் செய்தும் ஆட்டம் போகவில்லையென்றால், உள்ளே உருளும் பால்ஸோ பிளாஸ்டிக் கட்டையோ தேய்ந்திருக்கும், அல்லது ரெயிலின் மடிந்த உதடு விரிந்திருக்கும். அந்த உதட்டை மரச்சுத்தியலால் தட்டி நெருக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எல்லா நீளத்துக்கும் ஒரே அளவாகத் தட்ட யாராலும் முடியாது; நீங்கள் எப்போதும் உட்காரும் இடத்தில் கெட்டியாகவும் இரண்டு பல் தள்ளிச் சிக்கலாகவும் ஆகும். இன்னொரு யோசனையும் வரும்:

"சார், ஒரே வெல்டா வெச்சிடறேன். ஜென்மத்துக்கும் ஆடாது."

"வேணாம் தம்பி. என் வீட்டுக்காரம்மாவும் இதே வண்டியத்தான் ஓட்டுறாங்க, அவங்களுக்கு கிளட்ச் எட்ட வேணாமா?"

இந்தப் பதில் ஒன்றே போதும். இன்னொன்றும் உண்டு: ரெயில் மெல்லிய எஃகு. வெல்டின் சூடு பட்ட ஓரத்தில் அது பலம் இழக்கும், இடியில் அங்கேதான் கிழியும்.

தேய்ந்த ரெயிலை மாற்றுவதுதான் முறை. புதியது கிடைக்காத மாடல் என்றால் சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை, கோவைக்காரர்களுக்கு உக்கடம். இடம், வலம் இரண்டும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியாக வாங்குங்கள். கடைக்காரர் கையிலிருந்து வாங்கி, மேல் ரெயிலைப் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள், முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள், பூட்டுப் பல்லின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தட்ட வேண்டும்; வழுக்கினால் பல் தேய்ந்திருக்கிறது. போல்ட் ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பழைய ரெயிலில் அளந்து எழுதி எடுத்துப் போங்கள். 'சென் ரெயில் 800-க்கும் சேரும் சார்' என்ற பேச்சை அளவு டேப்பால் சோதித்த பிறகு நம்பலாம்.

மாற்றுவதற்குச் சீட்டை வெளியே எடுக்க வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட் இறுக்கி சம்பந்தப்பட்டது. கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள். இந்த அத்தியாயத்தின் பழைய வண்டிகள் பலவற்றில் அது இருக்காது, என்றாலும் பார்த்துக்கொள்வது நல்லது. கதவுப் படியில் சாக்கு ஒன்றைப் போடுங்கள். சீட்டைத் தூக்கும்போது ரெயிலின் முனை பெயின்ட்டைக் கீறாமல் வருவது அபூர்வம்.

ஆம்னிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், எஞ்சினைப் பார்க்கவே சீட்டைச் சாய்க்க வேண்டும். சாய்க்கும் கீலும் கொக்கியும்தான் அங்கே முதலில் தளரும். மெக்கானிக் எஞ்சின் வேலை முடித்துவிட்டுக் கொக்கியைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கிறாரா என்று பார்த்த பிறகு ரெயிலுக்கு வாருங்கள். பெஞ்சு சீட் வைத்த பழைய அம்பாசடரில் இரண்டு ரெயிலுக்கும் இடைவெளி அதிகம். டிரைவர் ஒரு ஓரத்தில் உட்காருவதால் மறு ஓரம் எழும்பும். அங்கே ஆட்டம் எந்தப் பக்கம் உணரப்படுகிறதோ அதற்கு எதிர்ப்பக்க போல்ட்டைப் பாருங்கள்.

முதுகு மட்டும் ஆடினால்

அடிச்சட்டம் அசையாமல் முதுகு மட்டும் முன்பின் போனால், சாய்மானப் பூட்டின் பல் தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் பூட்டு ஒரு பக்கம்தான். மறுபக்கம் வெறும் முளையில் சுழலும். அந்த முளையும் அதன் புஷ்ஷும் தேய்ந்தால் முதுகு குறுக்காகத் திருகும். புஷ் மலிவு, மாற்றுவது எளிது. கடைசல் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்துகூட வாங்கலாம்.

பூட்டைக் கழற்ற நினைப்பவர்கள் கேளுங்கள். அதனுள் கடிகாரச் சுருள் மாதிரி ஒரு தட்டை ஸ்பிரிங் முறுக்கேறி இருக்கிறது. லீவரைத் தூக்கி முதுகை முழுக்க முன்னால் மடக்கி, ஸ்பிரிங்கின் முறுக்கு தளர்ந்த நிலையில்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். நிமிர்ந்த நிலையில் கழற்றினால் முதுகுச்சட்டம் முகத்தில் அறையும். தேய்ந்த பல்லை வெல்டால் நிரப்பி அரத்தால் ராவுகிற கைவினையை வேண்டாம் என்றே சொல்வேன். முழுப் பூட்டையும் மாற்றுங்கள்.

மாற்றும் முன் சட்டத்தின் கீழ்மூலைகளையும் பாருங்கள். குழாய்ச் சட்டம் வளையும் இடத்தில் பெயின்ட்டின் மேல் மெல்லிய துருக்கோடு ஒன்று ஓடினால் அது கீறல் அல்ல, விரிசல். உறையை அவிழ்த்துக் காட்டி, உள்ளே ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். மெத்தையையும் துணியையும் கழற்றாமல் வெல்டிங் வைக்க ஒப்புக்கொள்ளும் பட்டறையிலிருந்து சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

முடித்த பிறகு

காலி மைதானத்திலோ ஆள் இல்லாத தெருவிலோ மெதுவாக ஓட்டி, இருபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்துங்கள். பிறகு ரிவர்ஸில் எடுத்து மறுபடி பிரேக். இரண்டு திசையிலும் சத்தம் வரக் கூடாது. வண்டியை நிறுத்தி, லீவரைத் தொடாமல் சீட்டைப் பலமாக முன்னால் இழுத்தும் பின்னால் தள்ளியும் பாருங்கள். ஆட்டம் இருந்த காலத்தில் உங்கள் உடம்பு அதற்கேற்பக் கொஞ்சம் முன்னால் குனிந்து பழகியிருக்கும். அதனால் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளையும் ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நாலு போல்ட்டிலும் ஸ்பேனரை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் எடுக்க வேண்டாம். போல்ட் தலையிலிருந்து ரெயில் கால்வரை வீட்டில் இருக்கிற நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் இருட்டிலும் தெரியும். கோடு நேராக இருக்கும்வரை போல்ட் திரும்பவில்லை. இரண்டாக உடைந்து விலகியிருந்தால் அன்றைக்கே ராட்செட்டை எடுங்கள்.